போன வருஷம் விற்றதை வைத்து அடுத்த ரிவ்யூவைத் தேர்ந்தெடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் இருந்துகொண்டு சமையலறைச் சாமான்களுக்கு ரிவ்யூ எழுதுகிறீர்கள். உங்கள் அஃபிலியேட் லிங்க் (அதைத் தொட்டு யாராவது பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும்) வழியாக இரண்டு வருஷத்தில் என்னென்ன விற்றது என்ற ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அதை எக்ஸெல்லில் போட்டு, அதிகம் விற்றது மேலே வரும்படி அடுக்கி, முதல் பத்துப் பொருளையும் அவற்றை ஒட்டியவற்றையும் அடுத்த ஆறு மாதத்துக்கு எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருந்தீர்கள்: ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பொருளைக் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறீர்கள், தேர்வு தப்பினால் அந்த மாதம் நஷ்டம். கேள்வியே அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அடுத்து எந்தப் பொருளை நம்பிப் பணத்தையும் இரண்டு வார உழைப்பையும் போடுவது, அதைப் பழைய கணக்கு சொல்லுமா?

ஓரளவு சொல்லும். எதை எழுத வேண்டாம் என்பதை நன்றாகவே சொல்லும். எதை எழுதலாம் என்று கேட்டால் திக்கித் திணறித்தான் பதில் வரும், அந்தத் திணறலை நாம்தான் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நான் பதினொரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்கு முன்னால் டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் அப்பாவின் பாத்திரக் கடையில் சரக்கு எடுக்கும் வேலை பார்த்தேன். ஆக, நான் சொல்வதெல்லாம் வீட்டுச் சாமான், சமையல் சாமான் அனுபவம். சாஃப்ட்வேர், ஆன்லைன் கோர்ஸ் மாதிரிப் பொருள்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.

அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கும். நீல அட்டை, முனையெல்லாம் மடங்கியது, நூல் கயிற்றில் கட்டிய பென்சில். ஒரு பொருள் விற்றால் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு. யாராவது வந்து கேட்டு, நம்மிடம் இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒரு வட்டம். மாதக் கடைசியில் மொத்த வியாபாரியிடம் போகும்போது கோடுகளை மேலோட்டமாகப் பார்ப்பார். வட்டங்களைத்தான் விரல் வைத்து எண்ணுவார். ஒரு வருஷம் ஆடியில் மாரியம்மன் கோயில் கூழுக்கு இருபது லிட்டர் அலுமினியச் சட்டி கேட்டுப் பதினேழு வட்டம் விழுந்தது. நாங்கள் பத்து லிட்டருக்கு மேல் வைத்ததே இல்லை. கோடுகளை மட்டும் பார்த்திருந்தால் பெரிய சட்டி போகாது என்று முடிவு கட்டியிருப்போம். ஏனென்றால் பெரிய சட்டி விற்றதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது!

உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது கோடுகள் மட்டும்தான். நீங்கள் எழுதிய பொருளுக்குக் கோடு விழுந்திருக்கும், எழுதாத பொருளுக்கு எங்கிருந்து விழும்? அதனால் ‘அதிகம் விற்றது’ என்று அந்த எக்ஸெல் காட்டும் பட்டியல் உங்கள் வாசகர்களின் விருப்பப் பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கடை விரித்து வைத்தவற்றுக்குள் அவர்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். அதிலும் கட்டுரையில் முதலில் வைத்த லிங்க், பெரிய படம் போட்ட பொருள், ‘என் தேர்வு’ என்று பெட்டி கட்டியது, இவையெல்லாம் மற்றவற்றைவிடக் கூடுதலாகத்தான் விற்கும். நான் ஒருமுறை ஒரே கட்டுரையில் இருந்த இரண்டு இண்டக்‌ஷன் அடுப்புகளை மேலும் கீழுமாக இடம் மாற்றி வைத்தேன். ஆறு வாரத்தில் விற்பனையும் கூடவே இடம் மாறிக்கொண்டது. அடுப்பில் ஒரு மாற்றமும் இல்லை.

இதற்கு அடுத்தது, என் பணம் போன கதை. 2022, 2023 இரண்டு வருஷமும் இந்த நாட்டில் வீட்டுச் சாமான் எழுதிய யாருடைய கணக்கை எடுத்தாலும் இன்வெர்ட்டர், சார்ஜ் ஏற்றும் பல்பு, சின்ன பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கும் பேட்டரிப் பெட்டி), இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு என்று மேலே நிற்கும். லோட்ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்டை வெட்டுவது, ஆறாம் கட்டத்துக்குப் போன நாள்களில் எட்டு, பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் நானும் உங்களை மாதிரியே முந்தின வருஷக் கணக்கை அடுக்கினேன். முதல் ஆறு வரியும் பேட்டரி சம்பந்தப்பட்டது. சரி, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று மூன்று பவர் ஸ்டேஷன் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஃபிரிட்ஜை மாட்டி, கடிகாரம் வைத்து அளந்து, பக்கம் பக்கமாக எழுதினேன். மார்ச் 26-ஆம் தேதியோடு அரசு மின் நிறுவனமான எஸ்காம் லோட்ஷெட்டிங்கை நிறுத்திவிட்டது. 2025 ஜனவரி 31 வரை, முந்நூறு நாளுக்கு மேல், ஒரு நாள்கூட வெட்டு இல்லை. நாட்டுக்கு நல்ல காலம், எனக்குத்தான் மூன்று பெட்டி வீட்டில் சும்மா கிடந்தது. ஒன்றைக் கடைசியில் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பாட்டுப்பெட்டிக்குக் கொடுத்தோம்.

இதில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதே பட்டியலில் கீழே இருந்த கேஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் 2024-இல் விழவில்லை. அவையும் லோட்ஷெட்டிங்கில்தான் ஏறின. ஆனால் அவற்றைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு காரணமும் கூடவே இருந்தது. எஸ்காம் கட்டணம் 2023-இல் 18.65 சதவீதம், 2024-இல் 12.74 சதவீதம் ஏறியது. கரண்ட் வந்துவிட்டாலும் பில் குறையவில்லை, பருப்பை ஒரு மணி நேரம் மின் அடுப்பில் வேகவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. ரிப்போர்ட்டில் இன்வெர்ட்டரும் குக்கரும் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரிந்தன. ஒன்று ஒற்றைக் காலில் நின்றது, மற்றது இரண்டு காலில் நின்றது. அதை எந்த எக்ஸெல்லும் காட்டாது. அதனால்தான் இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏன் விற்றது’ என்று ஒரு கட்டம் சேர்த்து, கையால் நிரப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

காரணம் எழுத உட்கார்ந்தால் முதலில் மாட்டுவது பருவம். நமக்குக் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அமெரிக்காக்காரர்கள் எழுதும் ஆலோசனையைப் படித்துவிட்டு அக்டோபரில் ஹீட்டர் ரிவ்யூ போட்டால் வெயிலில் கம்பளி விற்ற மாதிரிதான். நம் ஆள்களுக்கு இன்னும் சில தனிப் பருவங்கள் உண்டு. புரட்டாசி விரதத்துக்குக் கவிச்சி படாத தனிப் பாத்திரம் எடுக்கும் வீடுகள் சாட்ஸ்வொர்த்தில் இன்னும் நிறைய இருக்கின்றன. என் கணக்கில் ஆகஸ்ட் கடைசியில் பாத்திர செட் கொஞ்சம் தலைதூக்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். தீபாவளி அக்டோபர், நவம்பரில் வருகிறது. அதை ஒட்டியே நவம்பர் கடைசி வாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை பிளாக் ஃப்ரைடே. பலகாரத்துக்கு மிக்ஸி வேண்டியவர்கள் தீபாவளிக்கு முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். அவசரமில்லாதவர்கள் தள்ளுபடிக்குக் காத்திருப்பார்கள். அதனால் அக்டோபரில் விழுந்ததும் நவம்பரில் ஏறியதும் தனித்தனிச் செய்தி கிடையாது, ஒரே வாங்கல் இடம் மாறியிருக்கிறது. ஒரு மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டே வருஷம் என்பதால் அந்த ஒப்பீடும் மெலிந்ததுதான்.

இப்போது எண்களுக்கு வருவோம். விற்ற எண்ணிக்கையை அப்படியே எடுப்பதைவிட நூறு கிளிக்குக்கு என்ன கையில் வந்தது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். நானே ஒரு கணக்கைக் கற்பனையாகப் போடுகிறேன். 1,500 ராண்ட் குக்கர், 5 சதவீதக் கமிஷன், ஒன்றுக்கு 75 ராண்ட். 900 கிளிக்கில் 27 விற்று 5 திரும்பி வந்தது. மிச்சம் 22, மொத்தம் 1,650 ராண்ட், நூறு கிளிக்குக்கு 183. அடுத்தது 400 ராண்ட் இட்லிப் பானை, 8 சதவீதம், ஒன்றுக்கு 32 ராண்ட். 60 கிளிக்கில் 4 விற்றது, எதுவும் திரும்பவில்லை, நூறு கிளிக்குக்கு 213. மூன்றாவது 6,000 ராண்ட் பிளெண்டர், 5 சதவீதம், ஒன்றுக்கு 300 ராண்ட். 300 கிளிக்கில் 2 விற்றது, நூறு கிளிக்குக்கு 200. எண்ணிக்கைப்படி அடுக்கினால் 27, 4, 2 என்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கிளிக் கணக்கில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இப்படி ஒரு கணக்கில் குக்கர் ஜெயித்ததற்குப் பாதிக் காரணம், குக்கர் கட்டுரையைக் கூகுள் மேலே தூக்கி வைத்ததாகத்தான் இருக்கும்.

அதற்காக இட்லிப் பானைதான் ராஜா என்று ஓடிவிடாதீர்கள். 60 கிளிக்கில் 4 என்பது 6.7 சதவீதம். ஆனால் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் உண்மையான விகிதம் 2 சதவீதமாகவும் இருக்கலாம், 16 சதவீதமாகவும் இருக்கலாம். குக்கருக்கோ 900 கிளிக் இருப்பதால் 2-க்கும் 4.5-க்கும் நடுவில் எங்கேயோ என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இது என் அபிப்பிராயம் இல்லை, புள்ளியியலில் 95 சதவீத நம்பிக்கை எல்லை என்று போடும் சாதாரணக் கணக்கு. இதிலேயே மனக்கணக்காகப் போடக்கூடிய ஒரு விதியும் உண்டு: ஒன்றுமே விற்கவில்லை என்றால், 3-ஐக் கிளிக் எண்ணிக்கையால் வகுங்கள். 100 கிளிக்கில் பூஜ்யம் என்றால் உண்மை விகிதம் இன்னும் 3 சதவீதம் வரைக்கும் இருக்க இடமுண்டு, அதாவது அந்தக் கற்பனைக் குக்கர் அளவுக்கே நல்ல சரக்காக இருக்கலாம். 50 கிளிக்கைப் பார்த்துவிட்டு ‘இது போகாது’ என்று தூக்கிப் போட்ட பொருள்கள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். என்னிடம் இருந்தன.

இந்தச் சின்ன எண்களின் ஆட்டத்தை அடக்க நான் செய்வது மிக எளிது. என் தளத்தின் மொத்தச் சராசரி, நூறு கிளிக்குக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளின் கணக்கிலும் கற்பனையாக 100 கிளிக்கும் 3 விற்பனையும் கூட்டிவிடுவேன். குக்கர் 1,000-க்கு 30, அதே 3 சதவீதம், அசையவில்லை. இட்லிப் பானை 160-க்கு 7, 6.7-இலிருந்து 4.4-க்கு இறங்கிவிட்டது. பிளெண்டர் 400-க்கு 5, 1.25 சதவீதம். புதுசாக வந்த பையன் முதல் மேட்சில் நாலு சிக்ஸர் அடித்தால் அவனை உடனே கேப்டன் ஆக்கமாட்டோம் இல்லையா, அது மாதிரி. ஏன் நூறு, ஏன் ஐம்பது இல்லை என்று கேட்டால் கறாரான பதில் என்னிடம் கிடையாது. என் தளத்தின் அளவுக்கு நூறு ஒத்து வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ரிட்டர்ன். ஆர்டர் ஆனது ஒன்று, கமிஷன் நின்றது வேறு. இங்கே 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கையில் வாங்கி 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடலாம். பழுதான சரக்கு என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 6 மாதம் வரை திருப்பித் தர உரிமை கொடுக்கிறது. ரிட்டர்ன் அதிகமான பொருளை நான் நஷ்டம் என்று மட்டும் பார்ப்பதில்லை. அது ஒரு தடயம். ஒருமுறை ஒரு பிளெண்டர் விற்ற வேகத்திலேயே திரும்பி வந்தது. ஒன்றை வாங்கி உளுந்து போட்டு அரைத்தேன். மூன்றாம் நிமிஷம் அடிப்பாகம் தொட முடியாத சூடு, ஐந்தாம் நிமிஷம் தானாக நின்றுவிட்டது, மாவு பாதி ரவையாகக் கிடந்தது. கம்பெனி விளம்பரத்தில் பழச்சாறு மட்டும்தான் போட்டுக் காட்டினார்கள், அதைக் குறை சொல்லவும் முடியாது. நம் ஜனங்கள் அதை மாவரைக்க வாங்கியிருக்கிறார்கள். அந்த ரிட்டர்ன் எண்தான் ‘உளுந்து அரைக்கத் தாங்கும் மிக்ஸி எது’ என்ற கட்டுரையை எனக்குக் கொடுத்தது. என் தளத்தில் அதிக நாள் ஓடியதும் அதுதான்.

ரிப்போர்ட்டில் நீங்கள் லிங்க் கொடுக்காத பொருள்களும் விற்றதாக வந்திருக்கும். அமேசான் மாதிரித் திட்டங்களில், வாசகர் உங்கள் லிங்கைத் தொட்டுப் போன 24 மணி நேரத்துக்குள் வேறு எதை வாங்கினாலும் உங்கள் கணக்கில் சேரும். அந்த நேரத்துக்குள் கூடையில் போட்டு வைத்தது என்றால் 90 நாள் வரை நீளும். குக்கர் பார்க்கப் போனவர் நாய்த் தீனி வாங்கி வந்ததைப் பார்த்து நாய்த் தீனி ரிவ்யூ எழுதக் கிளம்பிவிடாதீர்கள், அது தற்செயல். ஆனால் அதே தற்செயல் ஐந்தாறு முறை திரும்ப வந்தால் நான் நின்று பார்ப்பேன். குக்கருக்குப் போனவர்கள் அடிக்கடி ரப்பர் கேஸ்கட்டும் விசில் வெயிட்டும் வாங்கியிருந்தால், வீட்டில் ஏற்கெனவே குக்கர் இருக்கிறது, அதைச் சரிசெய்ய வந்தவர்கள் என்று பொருள். இவர்களுக்குப் புதுக் குக்கர் ரிவ்யூ தேவைப்படாது. எந்த மாடலுக்கு எந்த கேஸ்கட் என்று எழுதினால் படிப்பார்கள். கமிஷன் சில்லறைதான், பொருளை வாங்கும் செலவும் சில்லறைதான்.

கமிஷன் விகிதமும் கல்லில் செதுக்கியது கிடையாது. 2020 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்கத் திட்டத்தில் வீட்டுச் சாமான், மரச்சாமான் வகைகளின் விகிதத்தை 8 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 3 ஆக்கியது, மளிகைக்கு 5-இலிருந்து 1. விற்பனை அதேதான், வருமானம் பாதிக்கும் கீழே. அதனால் பழைய ராண்ட் கணக்கை நம்பி அடுக்காதீர்கள். பழைய விற்பனை விகிதத்தை எடுத்து, இன்றைய விலையாலும் இன்றைய கமிஷனாலும் பெருக்குங்கள்.

சொந்தக் கணக்கு போதவில்லை என்று வெளியில் கிடைக்கும் எண்களை நாடுவது இயல்பு, நானும் நாடுவேன். ஆனால் ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு நாட வேண்டும். அமேசானின் பெஸ்ட் செல்லர் ரேங்க், அந்த வகைக்குள் மற்றப் பொருள்களோடு ஒப்பிட்ட வரிசை மட்டுமே. எத்தனை விற்றது என்று அது சொல்வதில்லை, அடிக்கடி மாறவும் செய்யும். சின்ன வகையில் முதலிடம் என்பது ஒரு நாளைக்கு நாலு விற்றதாகவும் இருக்கலாம். கிளிக்பேங்க் என்ற அஃபிலியேட் சந்தையில் கிராவிட்டி என்று ஒரு எண் வரும். அதை விற்பனை எண்ணிக்கை என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். கடந்த 12 வாரத்தில் அந்தப் பொருளை விற்றுக் கமிஷன் வாங்கிய அஃபிலியேட்டுகள் எத்தனை பேர் என்பதை, சமீபத்தில் விற்றவர்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துப் போட்ட எண் அது. ஒரே ஆள் ஆயிரம் விற்றாலும் ஒரு தலைதான். அதாவது எண் உயர உயர, உங்களோடு மல்லுக்கு நிற்கும் ஆள்களும் அதிகம். கூகுள் டிரெண்ட்ஸ் 0 முதல் 100 வரை காட்டுவதும் ஒப்பீட்டு அளவுதான், தேடியவர்களின் தலைக்கணக்கு கிடையாது. ஆனால் நாட்டைத் தென்னாப்பிரிக்கா என்று மாற்றி ஐந்து வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். எது பருவத்தில் ஏறி இறங்குகிறது, எது ஒரேயடியாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். இதைவிட நல்ல இலவச உதவி எனக்குத் தெரியாது.

இன்னொன்று, பட்டியலை மாடல் வாரியாக வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தின மாடலில் பாதி இப்போது கிடைக்கவே கிடைக்காது. மாடலை விட்டுவிட்டுக் குணத்தைப் பிடியுங்கள்: எத்தனை லிட்டர், எவர்சில்வரா அலுமினியமா, இண்டக்‌ஷனில் வேலை செய்யுமா, மூடி உள்ளே போகிறதா வெளியே நிற்கிறதா. நான் அப்படிச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்பது வெவ்வேறு குக்கரில் ஏழு குக்கர்கள் ஐந்து லிட்டருக்கு மேல் உள்ளவை என்று தெரிந்தது. தனித்தனியாக ஒவ்வொன்றும் மூன்று, நாலுதான் விற்றிருந்தது. எதுவுமே பட்டியலின் மேலே வந்ததில்லை. ஆள் நிறைந்த வீடுகள் என் வாசகர்கள் என்பதை அந்த ஒன்பது வரியும் சேர்ந்துதான் சொன்னது.

வட்டங்களை எங்கே தேடுவது என்பதும் கேள்வியில் அடங்கியதுதான். உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் ஆள்கள் தட்டி, ஒன்றும் கிடைக்காமல் போன சொற்கள். கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பலமுறை காட்டப்பட்டு யாரும் உள்ளே வராத கேள்விகள். வாட்ஸாப்பில் உறவுக்காரர்கள் அனுப்பும் ‘எதுடா வாங்கலாம்?’ செய்திகள். கடைசியாகச் சொன்னதைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். என் சித்தி டொங்காட்டிலிருந்து அனுப்பிய மூன்று குரல் பதிவுகள் என் எக்ஸெல்லைவிட நல்ல யோசனைகளைக் கொடுத்திருக்கின்றன. மூன்றும் தோசைக்கல்லைப் பற்றி.

இதுவரை சொன்னதில் எண் கணக்கும் சட்டமும் கமிஷன் விதிகளும் உறுதியானவை. விதிகளை மட்டும் ஒவ்வொரு காலாண்டும் ஒருமுறை திரும்பப் படித்துவிடுங்கள். இடம் மாற்றினால் விற்பனை மாறும் என்பது என் தளத்தில் பலமுறை பார்த்தது, உங்கள் தளத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். புரட்டாசிப் பாத்திரம் வெறும் ஊகம். மூன்று வருஷக் கணக்கில் இரண்டு வருஷம் ஒத்துப்போனது, ஒரு வருஷம் போகவில்லை. கூகுளின் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்வேன்: 2021 ஏப்ரலிலிருந்து அவர்கள் பொருள் ரிவ்யூக்களைத் தனியாக எடைபோடுகிறார்கள், கையில் எடுத்துப் பார்த்ததற்கான அடையாளம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே பொருளை வாங்காமல், விற்பனை எண்ணை மட்டும் பார்த்து இருபது ரிவ்யூ அடித்துத் தள்ளும் குறுக்குவழியை யோசித்திருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் கைக்காசு போடுவது வலிக்கும்தான், ஆனால் மற்றவர்களால் காப்பியடிக்க முடியாதது அது ஒன்றுதான்.

உங்கள் பத்து வரியை நான் கையில் எடுத்தால் இப்படிச் செய்வேன். முதலில் இன்று கிடைக்காத மாடல்களை அடிப்பேன். பிறகு ‘ஏன் விற்றது’ என்ற கட்டத்தில் லோட்ஷெட்டிங், பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி, என் கட்டுரையில் முதல் இடம் என்று ஒற்றைக் காரணத்தில் நிற்பதையெல்லாம் ஓரம் தள்ளுவேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பத்தில் நாலோ ஐந்தோதான் மிஞ்சும். அவற்றுக்கு மேலே சொன்ன கற்பனை நூறு கிளிக்கைக் கூட்டி, ரிட்டர்ன் கழித்து, இன்றைய கமிஷனில் பெருக்குவேன். வருவதில் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு, மூன்றாவது இடத்தை வேண்டுமென்றே ஒரு வட்டத்துக்கு ஒதுக்குவேன். அதாவது, கணக்கில் கோடே இல்லாத, ஆனால் ஆள்கள் கேட்கிற ஒரு பொருள். மூன்றில் ஒன்று வட்டம் என்பது என் சொந்த அளவு. அதைவிடக் கூட்டினால் கை கடிக்கும், ஒன்றுமே வைக்காவிட்டால் பழைய பத்தையே சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியில் தனியாகக் கேட்டிருந்தீர்களே, இந்தியாவிலிருந்து வரும் இரண்டு லிட்டர் வெட் கிரைண்டர், 70 கிளிக்கில் 3 விற்பனை, ரிட்டர்ன் இல்லை, கீழே பன்னிரண்டு பேர் ‘பிளக் பொருந்துமா’ என்று கேட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு அந்த 3-ஐவிட அந்த 12 பெரியது. அதை வாங்குங்கள். அங்கேயும் இங்கேயும் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்கப் பிளெண்டரை மாட்டினால் புகையும் என்ற பயம் இதற்கு வேண்டாம். ஆனால் அங்கிருந்து வரும் சின்ன உருண்டை மூன்று முனைப் பிளக் நம் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டில் நிற்காது, புது வீடுகளில் வைக்கும் புது வகைச் சின்ன சாக்கெட்டிலும் ஏறாது. எலக்ட்ரீஷியனிடம் பிளக் மாற்ற எவ்வளவு வாங்கினார், எவ்வளவு நேரம் ஆயிற்று, மாற்றிய பிறகு வாரன்டியைப் பற்றிக் கடைக்காரர் என்ன சொன்னார் என்று மூன்றையும் எழுதுங்கள். உளுந்தை எவ்வளவு நேரம் ஊற வைத்தீர்கள், எத்தனை நிமிஷத்தில் பொங்கி வந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாங்கியதும் ஒரு வரி போடுங்கள், எந்த மாதம் வெளியிடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.